எட்டு இரும்புப் பூக்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன். இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் நலம். படியேறும்போது உன் அம்மாவின் முழங்கால் கத்துகிறது, இறங்கும்போது அவள் கத்துகிறாள், அவ்வளவுதான். மனசளவிலும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டு பேரன் சாப்பிட்டானா தூங்கினானா என்று ஆரம்பித்துவிடுவாள், நீயும் பாதி கேட்டதும் அழத் தொடங்குவாய், அப்புறம் மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்காதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் குழந்தைக்கு நம் கோயிலில் ஞானஸ்நானம் வேண்டாம். உனக்குக் கொடுத்த அதே கல்தொட்டியில்தான் உன் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதும், பயணச்சீட்டு எடுத்துவிட்டதும் தெரியும். இருந்தாலும் தேதியை மாற்று. கோயிலின் கூரை சரியில்லை. எந்த நாள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது. அது அப்படி ஆனதற்குக் காரணம் உன் அப்பா. இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பத்துநான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

கோயிலின் முகம் உனக்கு மறந்திருக்காது. ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் பாதியில் நின்ற மொட்டை. வாசலுக்கு மேலே இருக்கிற கல்லில் பதினொரு வருஷ இடைவெளியில் இரண்டு வருஷங்கள் வெட்டியிருக்கும். முதலாவது கட்டிய வருஷம், இரண்டாவது வெள்ளையடித்த வருஷம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சுவரில் பக்கத்துக்கு நான்காக எட்டு இரும்புப் பூக்கள் இருக்குமே, சின்ன வயதில் நீ ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே கோயிலைச் சுற்றி ஓடுவாய், எப்போதும் ஒன்பது என்பாய். ஒவ்வொரு தடவை வண்ணம் பூசும்போதும் அந்த எட்டுக்கும் பொன்நிறம் அடிப்பது வழக்கம். அழகுக்கு வைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொத்தனார் என்று பெயர் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கக்கேடு. அவை பூ இல்லை மகளே, கம்பியின் தலை. இந்தப் பக்கத்துப் பூவிலிருந்து அந்தப் பக்கத்துப் பூ வரைக்கும் சுவரைத் துளைத்து உள்ளே குறுக்காக ஒரு கம்பி போயிற்று. உன் கட்டைவிரலைவிடத் தடிமன். கூரையின் நான்கு வளைவுக்கு நான்கு கம்பி, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மேலே.

நீ பிறந்த வருஷம்வரை அவை அங்கே இருந்தன. புறாக்கள் வரிசையாக வந்து உட்காரும், கீழே இருக்கிறவர்கள் தலையில் எல்லாம் விழும். அதைப் பற்றி ஆளாளுக்கு முணுமுணுப்பார்களே தவிர யாரும் ஒன்றும் செய்யவில்லை. அப்போது சபைத் தலைவராக இருந்தவருடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை சம்மதம் என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அவருடைய புதுக் கோட்டில் சொத்தென்று விழுந்தது. கோயிலே சிரித்தது, பாதிரியாரும் சிரித்தார், தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரமே கூட்டம் போட்டு, பார்க்கவும் நன்றாக இல்லை, புறாவுக்கும் வசதியாக இருக்கிறது, கம்பிகளை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். வேலை என்னிடம் வந்தது. என் பெயரில் வந்த முதல் பெரிய வேலை அது, உன் அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள், எனக்குக் கால் தரையில் படவில்லை. சாரம் கட்டி, இரும்பறுக்கும் ரம்பத்தோடு ஏறி, இரண்டாம் வளைவின் கம்பியைச் சுவரை ஒட்டி அறுத்தேன். முக்கால்வாசி அறுக்கும்போதே கம்பி தானாக டங்கென்று அறுந்து, இரண்டு நுனியும் ஒரு விரல் அகலம் விலகி நின்றது. கட்டடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அது எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. சுவரில் கை வைத்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. நான் கீழே இறங்கினேன். ஒரு டீ குடித்தேன். யாரிடமாவது கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் புதுக் கொத்தனாருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள், வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். திரும்ப ஏறி மற்ற மூன்றையும் அறுத்துவிட்டேன். சுவரில் நின்ற நுனிகளை மறைத்து, இடம் தெரியாதபடி பூசியும் வைத்தேன். எல்லோரும் என்ன பூச்சு என்ன பூச்சு என்றார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் நானும் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், ஆனால் பூசைக்குப் போனால் கண் மட்டும் மேலேதான் போகும். உன் அம்மாகூடக் கிண்டல் செய்வாள், எல்லாரும் பீடத்தைப் பாத்து ஜெபம் பண்ணா இவர் மட்டும் கூரையப் பாத்துப் பண்றாரு என்பாள். அவளுக்கு மூன்றாம் வரிசை, இரண்டாம் வளைவுக்கு நேர் கீழே, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே இடம். பின்னால் வந்து உட்காரேன், காற்று வரும் என்று நானும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அசைய மாட்டாள். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே அண்ணாந்து பார்த்தேன், வளைவின் உச்சியில் நடுவகிடு எடுத்ததுபோல் நீளமாக ஒரு கோடு. மறுநாள் பல்பு மாற்றும் ஏணியைப் போட்டு ஏறி, விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு வைத்துச் சாந்தால் ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், எங்கள் தொழிலில் இது பழைய வழி. மூன்றே வாரத்தில் ஒன்று உடைந்தது. அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவதைப் பார்க்கப் போனால் கண்ணாடியையே காணோம். உன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காகத்தான் அவசர அவசரமாக வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள், பெயின்டர் என்னைப் பார்த்ததும், யாரோ மேல கண்ணாடிய ஒட்டி வச்சிருந்தாங்க, சுரண்டிப் போட்டுட்டு வெடிப்பையும் பட்டி வச்சு அடைச்சிட்டேன், இனிமே கோடே தெரியாது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இப்போதைய தலைவரிடம் ஓடினேன். அவரை உனக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவரோடு பேசவும் ஒலிபெருக்கி கேட்பவர், மைக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். விரிசல் என்றேன். பூச்சு விரிசல் என்றார். சுவர் சாய்கிறது என்றேன். கொத்தனாரே, நூறு வருஷத்துக்கு மேல நிக்கிற கட்டடம் உங்களக் கேட்டா நிக்குது, பேரன் வர்ற சந்தோஷத்துல உங்களுக்கு என்னென்னவோ தோணுது என்றார். கம்பியைப் பற்றி அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். பாதிரியார் சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நல்ல மனிதர். பழைய பதிவேடுகளைப் பார்க்கலாமா என்று கேட்டதும் பூசை உடை மாற்றும் அறையைத் திறந்துவிட்டார். கரையான் விட்டுவைத்த பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டாம் கோபுரத்தைக் கட்ட முடியாமல் போனதுபோலவே கூரையும் நினைத்தபடி அமையவில்லையாம். முதலில் மரக்கூரைதான் போடுவதாக இருந்தது, அதற்கு ஏற்றபடி சுவரை மெலிதாக எழுப்பிவிட்டார்கள். மரம் வந்து சேரவில்லை. வானம் பார்த்த சுவரை எத்தனை நாள் விடுவது என்று செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து வளைவாகக் கட்டி மூடிவிட்டார்கள். வளைவு தன் பாரத்தால் இரண்டு சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. பதினோராம் வருஷம் கோயில் வாய் திறந்தது என்று எழுதியிருக்கிறது, அதே வார்த்தை. வெளியிலிருந்து ஒரு கொல்லரை வரவழைத்து, கம்பிகளைச் சுவர் வழியாகச் செலுத்தி, தீயில் காய்ச்சி, சூட்டில் அவை நீண்டபோது வெளியே பூக்களின் நடுவே நட்டை முறுக்கியிருக்கிறார்கள். ஆறும்போது கம்பி சுருங்கும், சுவர் உள்ளே வரும். என்ன மூளை பார். கல்லில் வெட்டிய இரண்டாவது வருஷம் அந்த வருஷம்தான். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், இக்கம்பிகளை எக்காலத்தும் எடுக்கலாகாது என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்கள். நான் நிமிர்ந்தேன். பாதிரியாரின் பூசை உடைகள் என் தலைக்கு மேலே ஒரு தடிமனான இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் வளைவின் கம்பி நடுவில் திருகால் இணைத்த இரண்டு துண்டு, நான் அறுத்துக்கொடுத்ததில் பாதி அது.

மீதிப் பாதி எங்கே என்று சொல்லவா. நம் வீட்டுக் கூடத்தில் இருந்தது. உன் ஊஞ்சல் கம்பி. ஏழு வயசுவரை நீ ஆடியதும், பள்ளிக்கூடம் விட்டு வந்து அழுததும், மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று கால் தடுக்கி உட்கார்ந்ததும் அதன் கீழேதான். மற்ற மூன்று கம்பியும் பட்டறைக்குப் போய் யார் யார் வீட்டு ஜன்னலிலோ இருக்கின்றன. மறுநாள் மத்தியானம் நான் கூடத்துச் சுவரை உடைத்து அதை எடுக்க ஆரம்பித்தேன். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்று, நல்லா இருக்கிற சுவத்த எதுக்கு உடைக்கிறீங்க, புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினாள். உளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊஞ்சல் பலகையை எடுத்துத் தரையில் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம், முப்பத்திநாலு வருஷமா காத்து வரும் பின்னால வா, காத்து வரும் பின்னால வான்னுதானே சொன்னீங்க, ஏன்னு சொன்னீங்களா, நான் வந்திருக்க மாட்டேனா, சரி என்னை விடுங்க, மத்த ஜனங்களுக்கு என்ன சொன்னீங்க என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள், ஒன்றுகூட இப்படிக் குத்தவில்லை.

சனிக்கிழமை காலை கம்பியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வெல்டர் ஒருவரோடு கோயிலுக்குப் போனேன், உன் அம்மாவும் பின்னாலேயே வந்தாள். பெயின்டரின் சாரம் இரண்டு சுவரை ஒட்டியும் நின்றது, அதுவும் நல்லதாகப் போயிற்று. பாதிரியார் தன் உடைகளையெல்லாம் கையில் அள்ளிக்கொண்டு அந்தப் பாதிக் கம்பியைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு பாதியையும் நடுவிலுள்ள திருகில் எண்ணெய் விட்டுப் பூட்டினோம். சுவர் நகர்ந்ததா என்று அளக்க முதலில் தரையில் கிடத்தினேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு தாள் நுழையும் இடம்தான் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்து நின்ற மைக் வாய்விட்டுச் சிரித்தார். பாத்தீங்களா, அளவெடுத்த மாதிரி இருக்கு, சுவரு எங்க நகர்ந்துச்சு என்றார். ஒரு நொடி எனக்கே ஆசை வந்துவிட்டது, என் பயமெல்லாம் தப்பாகவே இருந்துவிடட்டும், ஊரே சிரித்தாலும் பரவாயில்லை என்று. அப்புறம் கயிறு கட்டி அதே கம்பியை அதே இடத்தில் மேலே ஏற்றினோம். இடதுபக்க நுனியைச் சுவரில் ஒட்ட வைத்து நான் பிடித்துக்கொண்டேன். வலதுபக்கம் பார்க்க மைக்கே வீம்புக்கு ஏறினார், அந்தத் தொந்தியோடு. நுனிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டார். நான்கு விரலும் போயிற்று. மோதிரம்கூட இடிக்கவில்லை. கீழே சரியாக நிற்கிற சுவர் மேலே நான்கு விரல் அகலத்துக்கு விலகிப் போயிருக்கிறது. கையை வெளியே எடுக்காமலே அவர் அண்ணாந்து பட்டி வைத்து மூடிய உச்சியைப் பார்த்தார். பெயின்டர் தூரிகையைப் போட்டது போட்டபடி இறங்கி வாசலுக்குப் போய்விட்டார்.

யாரு இத அறுத்தது என்று மைக் கேட்டார். அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உத்தரவு போட்ட பழைய தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அன்றைய பாதிரியாரும் இல்லை, கூட்டத்தில் கை தூக்கினவர்களில் பாதிப்பேருக்கு இன்று தங்கள் பெயரே ஞாபகம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கேள்வி அப்படியே போயிருக்கும். கீழே உன் அம்மா மூன்றாம் வரிசை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அறுத்தேன், அறுக்கும்போதே தெரியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதிரியார் அன்றைக்கே கோயிலைப் பூட்டிவிட்டார், ஞாயிறு பூசை பள்ளிக்கூடத்து மைதானத்தில். வழியில் பார்க்கிற சிலர் என்னோடு பேசுகிறார்கள், சிலர் எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறார்கள். அது நியாயம்தான், நீ அதை நினைத்து வருத்தப்படாதே.

மேலிடத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்து பார்த்தார். மழைக்கு முன்னால் புதுக் கம்பி போட்டாக வேண்டும், சுண்ணாம்பு நனைந்து பாரம் ஏறினால் தாங்குமோ தாங்காதோ என்று சொல்லி, உள்ளே மரமுட்டுகள் கொடுக்க வைத்தார். கம்பி தயார். ஆனால் பழைய துளைகளைக் கண்டுபிடித்து அதே வழியில்தான் செலுத்த வேண்டுமாம், புதுசாகச் சுவரைத் துளைத்தால் அந்த அதிர்ச்சியே போதும் என்கிறார். வெளியே பூவைப் பார்த்து ஏறக்குறையச் சொல்லலாம், உள்ளே துளை எட்டும் சரியாக எங்கே திறக்கும் என்று என் ஒருவனுக்குத்தான் தெரியும், அவ்வளவு நன்றாக மூடியிருக்கிறேன். அதனால் நாளைக் காலை நானும் வெல்டரும் மட்டும் உள்ளே போகிறோம். கைஉளியால் மெல்ல மெல்லக் கொத்தித் திறந்து, உள்ளே நிற்கிற பழைய நுனிகளை உருவ வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது மகளே. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது எப்படியோ முடிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கோயில் கூட்டும் முறை இந்த மாதம் உன் அம்மாவுடையது, அதனால் பக்கக் கதவின் சாவி அவளிடம். நாளைக்கு நீங்க மேல ஏறுறப்ப நான் என் இடத்துல உட்காரப்போறேன் என்று இன்று காலை சொன்னாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், உன் பெயரையும் பேரன் பெயரையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்னிக்கு டங்குன்னு சத்தம் கேட்டும் டீ குடிச்சிட்டுத் திரும்ப ஏறினீங்க, ஏன்னா கீழ யாரும் இல்ல, நாளைக்கு நான் கீழ இருந்தா சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் வேலைய விட்டுட்டு ஓடி வந்து என் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போவீங்க, உங்களுக்காக இறங்க மாட்டீங்க, எனக்காக இறங்குவீங்க என்றாள். சொல்லிவிட்டுப் போய் முழங்காலுக்கு வைக்கிற சின்ன மெத்தையைத் தட்டி எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். பொறியாளர் அம்மாவிடம் சொல்லித் தடுக்கலாம்தான். ஆனால் அவள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும்.

சீட்டை மறக்காமல் மாற்று, மழைக்காலம் முழுக்கப் போகட்டும். புதுக் கண்ணாடித் துண்டு மூன்று வெட்டி வைத்திருக்கிறேன், கம்பி ஏறியதும் ஒட்டுவேன். அது முழுசாக இருக்கிறது என்று உன் அம்மா வாயால் கேட்ட பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. அங்கே குளிர் என்றாயே, பேரனுக்குக் காதை மூடு. உங்கள் வீட்டுச் சுவரில் எங்கேயாவது கோடு தெரிந்தால் மாப்பிள்ளை அதன்மேல் படம் மாட்டிவிடப் போகிறார், விடாதே, உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. நீங்கள் மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும், நீ என்னை மன்னிக்க வேண்டும், இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்கிறேன். நாளை எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் உன் அம்மாவின் கையைத்தான் பிடிப்பேன், இது சத்தியம்.

கூடத்துச் சுவரில் இரண்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு எழுதும்,
உன் அப்பா